விதானையார் வானொலிக்குப் போன கதை

எங்கள் வீட்டுக் கழுதைக்கு விதானையார் என்று பெயர். மன்னார்த் தெருக்களில் திரியும் உயிருள்ள கழுதை அல்ல. மாமா பழைய சாம்பல்நிறக் காற்சட்டையை வெட்டித் தைத்த கைப்பொம்மை. குடியிருப்புப் பதிவுக்காக, கிராம அலுவலரான உண்மையான விதானையாரின் வீட்டுக்கு நடந்து நடந்து மாமா சலித்திருந்த காலம் அது. பெயர் அப்படித்தான் வந்தது.

மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, மீசை முளைத்த பிறகே மன்னாருக்கு வந்தவர். மீன் சந்தையில் அவர் "வர்றேன்" என்று சொன்னால் போதும், நாலு பேர் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தியாக்காரர் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. ஆனால் கழுதையின் குரலில் பேசும்போது மட்டும் அவர் வாயில் சுத்தமான மன்னார்த் தமிழ் வரும்.

துணியை வெட்டியபோது அளவு பிழைத்ததால், பொம்மைக்குள் மாமாவின் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. ஆகவே குரல் மாமாவுடையது, வாய் என்னுடையது. நான் வாயைத் திறக்காவிட்டால் மாமாவுக்குக் குரல் வராது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்ச் செய்தி, புதினம் சொல்லும் வானொலி நிகழ்ச்சி ஒன்று, பள்ளிமுனையில் யானைபோலப் பருத்து நிற்கும் பழைய பெருக்கமரத்தடிக்கு வந்தது. விருந்தினர் எங்கள் விதானையார். அதுவும் நேரடி ஒலிபரப்பு. புறப்படும்போது மாமா அம்மாவிடம், "அக்கா, இன்னைக்கு ஒரு வார்த்தை பிசகினாலும் ஊரே சிரிக்கும்" என்றார். நான் இருக்கும்போது என்ன பயம் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.

அறிவிப்பாளர் அக்கா என் கையைப் பார்த்தார். "தங்கச்சி, ரேடியோவில வாய் தெரியாது. பொம்மையை மடியில வைச்சிருங்கோ."

"வாயைத் திறக்காமல் எப்பிடிக் கதைக்கிறது?"

இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

மன்னாருக்கு வருகிறவர்கள் எங்கே போகவேண்டும் என்று அக்கா கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "முதல்ல மடுவுக்குப் போய் மாதாவைக் கும்பிடுங்கோ. பிறகு இங்க வாங்கோ. றோட்டில நான் படுத்திருந்தால் ஹோன் அடிச்சு எழுப்பாதேங்கோ, சுத்திப் போங்கோ!" என்றது கழுதை. மரத்தடியில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவின் முகம் மலர்ந்தது.

அக்காவும் உற்சாகமானார். "இந்தப் பெருக்கமரமும் உங்கட ஆக்களும் அந்தக் காலத்தில அராபியரோட கடல் கடந்து வந்ததெண்டு சொல்லுகினம். உண்மையைச் சொல்லுங்கோ விதானையார், உங்கட சொந்த ஊர் எது?"

நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மூடித் திறந்தேன். அப்போதும் வரவில்லை. மாமா மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவே வானொலியைச் சுற்றி இருக்கும் நேரத்தில், கழுதை வாயைப் பிளந்தபடி ஊமையாக நின்றது. மானம் கப்பலேறப் போகிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

"இதென்ன கேள்வி? மன்னார்தான்!" என்று நானே கத்தினேன். "வேற ஊரில ஆர் எங்களை றோட்டில படுக்க விடுவினம்?"

கைதட்டல் அடங்கியபோது மாமாவுக்கும் குரல் வந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் வெளுத்து வாங்கினார். மறுநாள் சந்தையில், "விதானையார் வாறார், வழி விடுங்கோ!" என்று யாரோ கத்தினார்களாம். இந்தியாக்காரர் என்ற பெயர் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மறைந்துபோனது.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது நான் மாமாவை விடவில்லை.

"அவ்வளவு லேசான கேள்வி. ஏன் மாமா மறந்தனீங்கள்?"

"எனக்கு அது கஷ்டமான கேள்வி, பாப்பா."

அப்படியென்றால் பாடமாக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். மறைக்கல்வி வகுப்பில் செபம் சொல்லித்தருவதைப்போல நான் "மன்னார்" என்றேன். மாமாவும் "மன்னார்" என்றார். வீட்டு வாசல் படலை வரும்வரை, பெடலை மிதித்தபடி, ஒருமுறைகூடப் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார். கேள்வி கழுதையிடம்தான் கேட்கப்பட்டது என்று நான் அப்போது நினைத்திருந்தேன்.