மஹதிக்கும் லட்டுவுக்கும் ஒரே சட்டம்

வர்ஷினிக்குக் கோபம் சட்டென்று வராது. மந்தைவெளியில் பிறந்து, வாய்ப்பாட்டுக் கற்று, பிசியோதெரபி படித்து, அடையாறு கிளினிக் ஒன்றில் ஊரார் முட்டிகளைப் பொறுமையாக மடக்கி நீட்டுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து கணவன் ஸ்ரீநாத்திடம் குரலை உயர்த்தியதில்லை. அவள் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஸ்ரீநாத்துக்கு ஒரு வீடியோ பார்த்தால் போதும், அந்த விஷயத்தில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டதாக நினைப்பு. இரண்டரை வயது மஹதியை ஜூனில் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். டயப்பர் போட்ட குழந்தையைச் சேர்க்க மாட்டோம் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து லட்டு என்று ஒரு நாய்க்குட்டியையும் வாங்கி வந்தான். போனில் அலாரம் அடித்தால் இரண்டையும் பாத்ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போவான். குழந்தைக்கு மூத்திரம் வர அம்மாக்கள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்வார்களே, அதை நாய்க்கும் சொன்னான். வந்தால் ஆளுக்கொரு பிஸ்கட். அப்புறம் தரையில் போனால் நாயின் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்ப்பான். மஹதியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு தேய்ப்பான்.

“பாத்துக்கோ. தப்பு பண்ணினா இப்படித்தான்.”

“குழந்தை பயந்துண்டு நிக்கறது ஸ்ரீநாத். ரெண்டுக்கும் இன்னும் அடக்கத் தெரியாது. வயசு வந்தா தானா வரும்,” என்றாள் வர்ஷினி.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு.”

இருந்தாள். அப்பாவின் காலடிச் சத்தத்துக்கே மஹதி நடுங்க ஆரம்பித்த பிறகும் இருந்தாள்.

கொஞ்ச நாளில் மஹதி கண்ணெதிரே தரையை நனைப்பது நின்றுபோனது. ஸ்ரீநாத் ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தான். ஆனால் சோபாவுக்குப் பின்னால் தினமும் ஈரம். அதற்கான அடியெல்லாம் லட்டுவுக்கு. கடைசியில், “இந்தச் சனியனுக்குப் புத்தியே கிடையாது” என்று தெருமுனை ஆட்டோக்காரர் டில்லிபாபுவைக் கூப்பிட்டுக் குட்டியைக் கொடுத்துவிட்டான்.

“இன்னா சார், குட்டி சோக்கா கீது. போயும் போயும் மூத்திரத்துக்கா தொரத்துறே?” என்று கேட்டுவிட்டு டில்லிபாபு அதைக் கே.கே. நகரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மஹதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை.

மறுநாள் காலையும் சோபாவுக்குப் பின்னால் ஈரம்.

ஸ்ரீநாத் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நாய் இல்லாத வீட்டில் இது யார் வேலை என்று அந்த மேதாவிக்கு உறைக்கவே நேரமாயிற்று. உறைத்ததும், “மஹதீ!” என்று கத்தினான்.

மஹதி வாசல் கதவருகே நின்றிருந்தாள். நனைந்த ஜட்டி. செருப்பைத் தானே கால் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆட்டோ மாமா வந்தாச்சா அப்பா?” என்று கேட்டாள்.

வர்ஷினி ஓடிப்போய் அவளை ஈரத்தோடு வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீநாத் ஏதோ சொல்ல வந்தான்.

“வாயைத் திறக்காதே,” என்றாள் வர்ஷினி. பக்கத்து ஃப்ளாட்டில் கதவு திறந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “இந்த ஆத்துலேர்ந்து இனிமே யாராவது போகணும்னா அது நீதான். கிளம்பு.”