கரண்ட்டைத் துரத்திய பெட்டி

நேற்று ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியதும், சும்மா நின்றிருந்த என் விரல்கள் காற்றில் எதையோ சேவ் செய்யப் போயின. கடைக்காரப் பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தக் கீச்சொலிக்குப் பயந்து பயந்தே ஓடிய இளமை என்னுடையது. ஆனால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அதை ஓட ஓட விரட்டியிருக்கிறோம். அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அப்போது நானும் ரபீக்கும் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தோம். உத்திரமேரூரில் அவன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். சாலவாக்கத்தில் எங்கள் வீட்டில், நெல் மூட்டைகளுக்கு நடுவே, இன்னொன்று. அந்த முறை கல்யாணமே அவன் தங்கை ஷகீலாவுக்குத்தான். சவுதியில் இருந்த அத்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மகளின் நிக்காஹை அவர் பார்க்க ஒரே வழி, வெள்ளிக்கிழமை சவுதிக்கு விமானம் ஏறும் அவன் மாமாவின் பையில் நாங்கள் வைக்கப்போகும் டிவிடி.

இரண்டு கம்ப்யூட்டரிலும் இடமில்லை. புதிதாக ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் வாங்க முடியும். உள்ளே பொருத்துவதா, வெளியே ஒயரில் மாட்டுவதா? நான் உள்ளே கட்சி. வேகம், பத்திரம் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன்.

"நீ ஸ்பீட பாக்கற. நான் கரண்ட பாக்கறேன்டா," என்றான் ரபீக். "காலைல எங்க வூட்ல கரண்ட் கட்டு, மத்தியானம் உங்க வூட்ல கட்டு. உள்ள மாட்டுனா அதுவும் நம்மளாட்டம் விசிறிக்கினு குந்திக்கினு கெடக்கும்."

வெளியே கட்சி வென்றது. கல்யாணத்துக்கு வந்த ஹாட்பாக்ஸ் ஒன்றில் துண்டைச் சுற்றி ஹார்ட் டிஸ்க்கை வைத்தோம். காலையில் சாலவாக்கம், மதியம் உத்திரமேரூர். கரண்ட் இருக்கும் ஊருக்கு டவுன் பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து போனது ஷகீலாவின் கல்யாணம்.

"இன்னாப்பா, பிரியாணியா? வாசனையே வர்ல," என்பார் கண்டக்டர்.

"கல்யாண பிரியாணிதாண்ணே. ஆறிப்பூடுச்சு."

வேகம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். திரையில் மாப்பிள்ளை விக்கி விக்கி நடந்தார். ஒயரில் கால் பட்டால் எல்லாம் நின்றது. கொலுசுகூடப் போடாமல் நடமாடினாள் என் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டில் டிவிடி பாதி எழுதியபோது, நேரம் காலமில்லாமல் கரண்ட் போனது. கீச். கீச். ரபீக் என்னைப் பார்த்தான். நான் ஹாட்பாக்ஸைப் பார்த்தேன். வயல் வரப்பில் குறுக்கே ஓடிப் பஸ்ஸை மறித்தோம். உத்திரமேரூரில், அவன் வீட்டில், காலைக் கட்டு முடிந்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது! ஒரு ஃபேனைப் பார்த்து மனிதர்கள் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். வாசலில் மாமாவின் கார் ஹாரன் அடிக்க அடிக்க, தட்டு வெளியே வந்தது. சூடான தோசையைப் போல டிவிடியை ஏந்திக்கொண்டு ஓடினோம்.

இப்போது மாலை மாற்றும் முன்பே படம் கடல் தாண்டிவிடுகிறது. யாரும் எதையும் மடியில் வைத்துச் சுமப்பதில்லை. அந்த டவுன் பஸ்ஸும் இல்லை. அன்று கார் நகர்ந்தபோது ஷகீலா ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள்.

"மாமா, அத்தாவ மொதல்ல சாப்புடச் சொல்லு. அப்பறமா போட்டுக் காட்டு. இல்லாட்டி அவரு சாப்புடவே மாட்டாரு."