கருப்பட்டியும் இனிப்புதான்

இன்றைக்குத் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் ஒரு பெண், ஜன்னலோரம் அவள் வீட்டுக்காரர். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் அவர், “இது எந்த ஊரு?” என்று அவளிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

என் வீட்டுக்காரரும் போன வருஷம் இப்படித்தான் கேட்டார்.

“நீரிழிவா, மக்கா?” என்றேன்.

“ஆமாக்கா. கண்ணு மங்கிட்டே வருது. டாக்டரு சொன்ன நாள்ல இருந்து சீனியக் கண்ணுல காட்டல்ல. கருப்பட்டிக் காப்பிதான் குடுக்கேன். அது பனையில உள்ளதுல்லா, ஒண்ணும் செய்யாது.”

நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மூத்திரத்தை மருந்தோடு காய்ச்சிப் பார்த்து, செங்கல் நிறமாகிவிட்டது, சர்க்கரை குறையவே இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. அதற்குள் அவருக்கு என் முகம் தெரியாமல் போயிருந்தது. சித்திரையில் அவரும் போய்விட்டார்.

“கருப்பட்டியும் அவருக்குச் சீனிதான், மக்கா” என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அத விட்டா கண்ணு தெளியுமாக்கா?” என்று ஜன்னலோரத்திலிருந்து அவர் கேட்டார்.

“போனது வருமான்னு எனக்குத் தெரியாது. இருக்கதக் காப்பாத்தலாம்.”

அவர் அவள் பக்கம் திரும்பி, கிட்டத்தில் குனிந்து பார்த்தார். “இவ மூஞ்சி தெரியுது. இது போதும்.”

“இத்தன வருசம் பாக்காத மூஞ்சியாக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நானும் கருப்பட்டி போடாமல் காப்பி குடித்துப் பார்த்தேன். பாதித் தம்ளருக்கு மேல் இறங்கவில்லை. அடுத்த செவ்வாயும் அவர்கள் இதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வருவார்களாம். இனிப்பில்லாமல் குடித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், எப்படிக் குடிப்பது என்று அதற்குள் சொல்லுங்கள்; அவளிடம் சொல்ல வேண்டும்.