முப்பது காகிதமும் ஒரு ஸ்டேப்ளரும்

இன்று எங்கள் கம்பெனியில் ஒற்றுமைப் பயிற்சி. முப்பது பேருக்கு முப்பது காகிதம். ஆளுக்கு ஒரு துண்டு மடித்துக் கொடுத்தால், பசையே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பந்தாக்கிவிடலாம்.

எச்.ஆர். சார் எங்களுக்கு எதிரே நின்று மடித்துக் காட்டினார். பாதிப் பேர் அவர் சொன்னபடி வலப்பக்கம் மடித்தார்கள். மீதிப் பேர் கண்ணாடியைப் பார்ப்பதுபோல், அவர் கை போன பக்கமே இடமாக மடித்தார்கள்.

இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகாது. வீட்டில் இதே பந்தைப் பல தடவை செய்தவள் நான். சொன்னேன்.

"சார், பாதித் துண்டு எதிர்ப்பக்கமா மடிச்சிருக்குது. இது மாட்டாது."

"டீம் ஸ்பிரிட் இருந்தா மாட்டும்மா. நெகட்டிவா பேசாதீங்க."

கார் கதவுக்கு இடது கைப்பிடி, வலது கைப்பிடி என்று தனித்தனி ட்ரேயில் அடுக்குகிற கம்பெனி இது. ஒன்று மாறினாலும் லைனை நிறுத்தி எங்களிடம் விளக்கம் கேட்பார்கள்.

தளியிலிருந்து வேலைக்கு வரும் மஞ்சுளா என் காதோரம் கேட்டாள். "திருப்பி மடிச்சா அஞ்சு நிமிஷம்தானேக்கா?"

அவ்வளவுதான். ஆனால் சார் காட்டியது தப்பென்று ஆகிவிடுமே. ஸ்டோரிலிருந்து ஸ்டேப்ளர் வந்தது.

இப்போது அந்தப் பந்து ரிசப்ஷனில், கண்ணாடிப் பெட்டிக்குள். கீழே ஒரு அட்டை: ‘பசையின்றி இணைந்தோம்.’

பொய்யில்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு பின்.

உங்கள் கம்பெனியில் ஒற்றுமை எத்தனை பின்னில் நிற்கிறது?