மிளகாய் மூக்கு வைத்த பனிமனிதன்

மகளை நர்சரியில் சேர்த்த நான்காம் நாளே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதையும் வெயில் வருகிறது என்று சாத்தி வைத்திருந்தார்கள். அவளுக்கு அடிக்கடி வீசிங் வரும். அந்த ஜன்னலைப் பற்றியே மூன்று நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஒரு பிள்ளைக்கு அம்மை என்று யாரோ சொன்னார்கள். அது உண்மையா என்றுகூட விசாரிக்கவில்லை.

இது நாங்கள் மைசூரில் குடியேறிய நான்காவது வருடம், தொண்ணூறுகளின் நடுவில். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மகளுக்கு மூன்றரை வயது. அடுத்த ஜூனில் அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும், அதுவும் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தப் பெரிய பள்ளியில்தான் என்பது அவருடைய தீர்மானம். அங்கே சேருவதற்குக் குழந்தைக்கு இண்டர்வியூ உண்டு. கூடவே பெற்றவர்களுக்கும் உண்டு.

விண்ணப்பத்தை அவர்தான் நிரப்பினார். தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்று அழகாக எழுதினார். நான் ஏழாவதுதான். எங்கள் ஊர் மார்டள்ளி, கர்நாடக எல்லையோரத்தில் ஒரு தமிழ்க் கிராமம். எட்டாவது படிக்க வேண்டுமென்றால் பஸ்ஸில் போக வேண்டும், பஸ் கவிழ்ந்துவிடும் என்று எனக்குப் பயம். வீட்டில் படி படி என்றுதான் சொன்னார்கள். ஒரு வாரம் போய்ப் பார்த்தேன், பிறகு மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். அந்த பஸ் இன்றுவரை கவிழ்ந்ததாகக் கேள்விப்படவில்லை.

"ஏழுன்னு எழுதினா அந்த ஃபாரத்தைத் திருப்பிக்கூடப் பாக்க மாட்டாங்க புள்ள," என்றார் அவர். "அம்மா படிக்காதவ, வீட்ல யாரு சொல்லிக் குடுப்பாங்கன்னு அப்படியே ஓரமா வச்சிருவாங்க."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனால் அது என்னால்தான். நர்சரிக்குப் போகாத பிள்ளை, ஏழாவது படித்த அம்மா. வீட்டிலேயே எதையாவது சொல்லிக் கொடுத்தாக வேண்டும். எதைச் சொல்லிக் கொடுப்பது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மாடியில் வீட்டுக்காரம்மா இருந்தார். கன்னடக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், டிகிரி படித்தவர். நான் படியில் உட்கார்ந்து புலம்பியதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து வந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தங்கை அனுப்பியது. பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பதற்கான புத்தகம். வெட்டு, ஒட்டு, எண்ணு, கோடு போடு என்று பக்கத்துக்குப் பக்கம் வேலை. ஆனால் அவருடைய பையன் ஆப்பிள், மீன், வண்டி, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் எப்போதோ வெட்டித் தீர்த்திருந்தான். அவன் தொடாமல் விட்டது பனிமனிதன் பக்கங்களை மட்டும்தான். பன்னிரண்டு பக்கம். ஏன் விட்டான் என்று கேட்டேன். வெள்ளையாக இருந்தால் வண்ணம் தீட்ட என்ன இருக்கிறது என்றானாம்.

ஆகவே என் மகள் உலகத்தைப் பற்றிக் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் பனிமனிதனிடமிருந்தே கற்றுக்கொண்டாள்.

இங்கிலீஷில் எழுதியிருந்ததை வீட்டுக்காரம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படியில் நின்று வாசித்துக் கன்னடத்தில் சொல்லுவார். நான் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கீழே வருவேன். முதல் பக்கம் வட்டங்கள். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பெரியதுக்குச் சோற்றுத்தட்டை வைத்தும், நடுவில் உள்ளதுக்குக் காபி டபராவை வைத்தும், தலைக்கு டம்ளரை வைத்தும் கோடு போட்டேன். கத்தரிக்கோலை அவள் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் வெட்டியது நான், அடுக்கியது அவள். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவள் தட்டிலிருந்த ராகி முத்தையை, அந்தக் களி உருண்டையைப் பிய்த்து மூன்று உருண்டை பண்ணி அடுக்கிவிட்டு, "அம்மா, இவரு வெய்யல்ல போயிட்டு வந்தவரு," என்றாள். கறுத்துப் போனாராம். அன்றைக்கு அவள் அப்பா சாப்பிட மறந்து சிரித்தார்.

அடுத்தது பொத்தான்கள். தாயக்கட்டையை உருட்டி எத்தனை விழுகிறதோ அத்தனை பொத்தானை வயிற்றில் வைக்க வேண்டும். பழைய சட்டைகளிலிருந்து வெட்டிச் சேர்த்திருந்த பொத்தான் என்னிடம் பன்னிரண்டு இருந்தது. அவள் பன்னிரண்டு வரை எண்ணினாள். பொத்தானை வாயில் போட்டுக்கொள்வாள் என்ற பயத்தில் விளையாட்டு முடிந்ததும் நான் தனியாக ஒரு தடவை எண்ணிப் பார்த்து டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைப்பேன். ஒரு நாள் பதினொன்றுதான் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவை நிறுத்திவிட்டேன். ஆட்டோவில் ஏறும்போது என் முந்தானையிலிருந்து அது கீழே விழுந்தது. ஆட்டோக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு பக்கத்தில் ஐஸைத் தட்டில் வைத்து வெயிலில் எப்படிக் கரைகிறது என்று காட்டச் சொல்லியிருந்தது. ஐஸ் என்றாலே வீசிங்குதான் என் நினைவுக்கு வரும். வீட்டுக்காரம்மாவின் ஃபிரிட்ஜிலிருந்து நாலு கட்டி வாங்கி வாசலில் எவர்சில்வர் தட்டில் வைத்தேன். அவளை இரண்டு அடி தள்ளி உட்கார வைத்து, அதைத் தொடாமல் பார்க்கச் சொன்னேன். அவளும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். முழுக்கக் கரைந்த பிறகு, செத்துப்போயிட்டாரா என்று கேட்டாள். தண்ணீராகிவிட்டார் என்றேன். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னாள்.

கடைசிப் பக்கம்தான் பெரிய வேலை. அட்டையில் ஒரு முழம் உயரத்துக்குப் பனிமனிதனை வெட்டி, உடம்பு முழுக்கப் பஞ்சு ஒட்ட வேண்டும். மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்தேன். தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்தேன். பஞ்சு பறந்தால் வீசிங் வருமே என்று அவள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து ஒட்டினோம். கறுப்புத் துணியில் தொப்பியும் கண்ணும், ஈர்க்குச்சியில் கை. கிழிந்த கம்பளிச் சாக்ஸில் கழுத்துப் பட்டை. மூக்குக்குக் கேரட் வைக்கச் சொல்லியிருந்தது. வைத்தோம். இரண்டே நாளில் கேரட் சுருங்கி எறும்பு மொய்த்தது. அந்த நேரத்துக்குச் சிவப்பாகவும் கூராகவும் சமையலறையில் கிடைத்தது காய்ந்த மிளகாய் ஒன்றுதான். அவள் கை கண்ணுக்குப் போய்விடும் என்று நானே தைத்து வைத்தேன்.

கணவர் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தார்.

"என்ன புள்ள, திருஷ்டி பொம்மை செஞ்சு வச்சிருக்கே?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அப்படித் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் சாரத்தில் பழைய சட்டை பேண்ட்டில் வைக்கோல் திணித்து, சுண்ணாம்பு அடித்த சட்டியைத் தலையாக வைத்து, கண்ணும் மீசையும் எழுதி ஒரு பொம்மையைத் தொங்கவிட்டிருந்தார்கள், கட்டடத்தின் மேல் யார் கண்ணும் படாமல் இருக்க. வெள்ளைத் தலை, குச்சிக் கை, முறைக்கிற கண். எங்கள் பனிமனிதனுக்கு மிளகாய் வேறு இருந்தது.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக்குச் சாமராஜநகரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இவள் பொத்தான் எண்ணுவதைப் பார்த்துவிட்டு, என்ன சூட்டிகை, என்ன சூட்டிகை என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அடுத்த நாள் காலையில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்தார், சரியானது. ஆனாலும் நான் பனிமனிதனை எடுத்து, கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்து, நிலைப்படிக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். அங்கே ஏன் மாட்டுகிறாய் என்று மகள் கேட்டாள். நம் மேல் படுகிற கண்ணையெல்லாம் அவர் வாங்கிக்கொள்வார் என்றேன். அவர் வீட்டுக்குள்ளே வரமாட்டாரா என்றாள். வரமாட்டார், வெளியேதான் நிற்பார் என்றேன். புத்தகத்தில் எல்லாப் படத்திலும் அவர் வீட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். அதனால் நான் சொன்னதை அவள் சுலபமாக நம்பினாள்.

வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "என் தங்கைக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பணும்மா," என்றார்.

டிசம்பர் கடைசியில் இண்டர்வியூ வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. எந்த வருடம், எந்தப் பள்ளி, கணக்கில் எவ்வளவு என்று கேட்டால் சொல்வதற்கு எல்லாவற்றையும் கணவர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மனப்பாடம் செய்தேன். மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை. எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது நிற்கவில்லை.

சிஸ்டர் வயதானவர், கண்ணாடி போட்டவர். மகளை மடியருகே நிறுத்திப் படங்களைக் காட்டினார். நாய், குடை, பந்து. எல்லாம் சொன்னாள். பெரியது எது, சின்னது எது, சரியாகக் காட்டினாள். பென்சில்களை எண்ணச் சொன்னார், எண்ணினாள். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அறை மூலையில் குடில் இன்னும் இருந்தது. அதன் பக்கத்தில் பஞ்சில் செய்த ஒரு பனிமனிதன், ஆரஞ்சு மூக்கோடு. சிஸ்டர் அதைக் காட்டி, இது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். எத்தனை மாதம் அதே ஒன்றைத்தான் படித்திருக்கிறாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

"த்ருஷ்டி பொம்பே," என்றாள் கன்னடத்தில்.

சிஸ்டர் திரும்பவும் கேட்டார். மகள் அதனிடம் நடந்து போய் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இவருக்கு மொளகா இல்ல. இவரு வேலை செய்ய மாட்டாரு."

சிஸ்டருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமா சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். மகள் என்னைக் காட்டினாள். அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?"

"ஏழாவது, சிஸ்டர்."

கணவர் தரையைப் பார்த்தார். சிஸ்டர் பேனாவை எடுத்தார். எஸ்.எஸ்.எல்.சி.யை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே சின்னதாக ஏழு என்று எழுதினார். மகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

பஸ் ஸ்டாப் வரை கணவர் முன்னால் வேகமாக நடந்தார். பிறகு கேட்டார்.

"எழுதித்தான இருந்துச்சு? அதையே சொல்ல வேண்டியதுதான?"

"எந்த வருசம்னு கேட்டா என்னுங்க பண்றது?"

"கேக்கல இல்ல."

"கேட்டிருந்தா?"

அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். மகள் மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அவளுடைய எண் இல்லை. கணவர் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். நான் மறுநாள் தனியாகப் போய் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இரண்டு தடவை பார்த்தேன். ஏழு என்று சொன்னதாலா, பொய் எழுதியது தெரிந்துபோனதாலா, குடில் பக்கத்தில் இருந்ததைத் திருஷ்டி பொம்மை என்றதாலா, இல்லை சும்மா இடம் இல்லாததாலா, தெரியவில்லை. கேட்கப் போகவும் இல்லை. வீட்டுக்காரம்மா, அங்கே நூறு இடத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், நீ ஏன் உன் தலையில் போட்டுக்கொள்கிறாய் என்றார். அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை. கணவர் பழி சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார்.

ஜூன் மாதம் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வீட்டில் நடந்துகொண்டிருந்த பள்ளிக்குப் போனோம். இண்டர்வியூ கிடையாது. மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் விண்ணப்பத்தை அவரே கேட்டுக் கேட்டு எழுதினார். அப்பாவின் வேலை கேட்டார், கணவர் சொன்னார். அம்மாவின் படிப்பு கேட்டார். கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஏழாவது என்றேன். அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதினார். போலியோ சொட்டு மருந்து கொடுத்தாயிற்றா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அத்தனை மாதம் நான் தூக்கிச் சுமந்த வார்த்தையை அவர் எழுதி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அறையில் இரண்டு ஜன்னல் இருந்தது, இரண்டும் திறந்திருந்தன. மகள் உள்ளே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ரோல் நம்பர் நாற்பத்தொன்று என்றார்கள். நாற்பத்தொன்று வரை அவளுக்கு எண்ணத் தெரியாதே, கூப்பிடும்போது எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று அன்று மூன்றரை மணி வரைக்கும் அடுப்படியில் நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.