கண்ணாடிக்குப் பின்னால் வெயில்

என் அம்மா துணிகளைத் திருத்தித் தைப்பவர். புதிதாகத் தைப்பதென்றால் அவருக்கு அலுப்பு. இறுக்கமானதைத் தளர்த்துவதிலும் நீண்டதை மடிப்பதிலும்தான் ருசி. உலகத்தில் எதையும் கொஞ்சம் பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று நம்பினார். டாக்டர் எழுதிக் கொடுப்பதையும் சேர்த்துத்தான்.

ஏழு வயதில் எனக்கு முதல் வகை நீரிழிவு வந்தது. தினமும் நான்கு இன்சுலின் ஊசி.

"மூணாக் குறைச்சுக்கலாமா டாக்டர்?" பாவாடை நீளத்தைப் பேசுவது போலக் கேட்டார் அம்மா.

"இது தையல் இல்லம்மா. அளவுல கை வைக்காதீங்க."

அம்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று அவரிடம் துணி கொடுத்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பரிசோதனையில் எனக்கு வைட்டமின் டி குறைவு என்று வந்தது. டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். வெயிலிலும் அது கிடைக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். ஊசி போதாதென்று மருந்து வேறா? வெயிலில் உடம்பு தேறினால் ஒரு ஊசியாவது குறையும் என்பது அவர் கணக்கு.

வெளியே விளையாட விடப் பயம். ஒருமுறை சர்க்கரை இறங்கி நான் தெருவில் சுருண்டு விழுந்திருக்கிறேன். அதனால் தன் தையல் கடையின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற, துணி மாட்டும் பொம்மையைத் தூக்கிவிட்டு அங்கே என்னை உட்கார வைத்தார். இடைஞ்சலாக இருந்த தையல் மெஷினைப் பின்பக்கம் டியூப்லைட் அடியில் தள்ளினார்.

பக்கத்துச் சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். "அக்கா, இந்தப் பொம்மை வீட்டுப்பாடமெல்லாம் எழுதுதே. என்ன விலை?"

"விக்கிறதுக்கில்ல. காய வச்சிருக்கேன்." பிறகு என்னிடம், "திரும்புடி, அந்தப் பக்கமும் காயட்டும்."

மூன்று மாதம் காய்ந்தேன். அடுத்த பரிசோதனையில் வைட்டமின் டி அளவு இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கண்ணாடி சூட்டை உள்ள விடும்மா. வைட்டமின் டி உண்டாக்குற கதிரை விடாது."

"தினமும் அதைத் துடைச்சு வேற வச்சேன்" என்றார் அம்மா. பிறகு, "அந்தச் சொட்டு மருந்து குடுத்தா ஊசி குறையுமா?"

"அது எலும்புக்கு. சர்க்கரைக்கும் உதவுமான்னு இன்னும் பார்த்துக்கிட்டிருக்காங்க. உதவினாலும் ஊசியை நிறுத்த முடியாது."

அன்றிலிருந்து சொட்டு மருந்து ஒரு நாளும் தவறவில்லை. அந்தப் 'பார்த்துக்கிட்டிருக்காங்க'வையும் அம்மா விடவில்லை. நான் படித்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், "பார்த்து முடிச்சாங்களாடி?" என்பார். மெஷின் டியூப்லைட் அடியிலேயே நின்றது; அம்மா பகலெல்லாம் வெயில் படாமல் அங்கேயே தைத்தார்.

இந்த வருடம் கடையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவர் ரத்தத்தை நானே பரிசோதித்தேன். வைட்டமின் டி, பொம்மையாக உட்கார்ந்திருந்த காலத்து என் அளவைவிடக் குறைவு. சொட்டு மருந்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"அது சின்னப் பிள்ளைங்க மருந்து."

"வாயைத் தொறம்மா."

"நீ ஒரு ஊசி குறைச்சுக்கோ. நான் ரெண்டு சொட்டு கூடவே குடிக்கிறேன்."

பேரம் படியவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தார்.

இரண்டாவது வாரம் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

பாட்டிலில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. நான்தான் குடித்து வருகிறேன். ஊசி நான்குதான், அம்மா. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.