எல்லை வாய்க்கால் ஆகாயத்தாமரை

இன்னிக்கு வரிச்சிக்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ரிட்டயர்டான ஓவர்சியர் ஒருத்தர். தமிழ்நாட்டுக்காரர்.

எண்பதுகளில் எல்லை வாய்க்காலின் அந்தக் கரை அவர் பொறுப்பு. காரைக்கால் கரை என் பொறுப்பு. அவரவர் பாதி ஆகாயத்தாமரையை மட்டும், வெவ்வேறு நாளில் அள்ளுவோம். காத்தடிச்சா மறுபாதி இந்தப் பக்கம் வந்து நிற்கும். நடவுக்குத் தண்ணி ஏறாது.

கடைசியில் காரைக்கால்மேட்டு மீனவர்களிடம் கரைவலை வாங்கி, ரெண்டு கரையிலும் ஆள் நிறுத்தி ஒரே நாளில் இழுத்தோம்.

"ஞாபகம் இருக்கா சார்?" என்றேன்.

"இல்லாமயா? ஆனா அந்தத் தாமரை உங்க ஊருதுங்க."

"மேலேருந்து, உங்க பக்கத்துலேருந்துதானே மிதந்து வந்துச்சு!"

"தண்ணி வந்தா உங்க உரிமை, தாமரை வந்தா எங்க குத்தமா?"

பதில் தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. வியாழக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வர்றார்.